ஒற்றைப் பனையின் நான்கு மணி நிழல்

போன மாதக் கடைசியில் பழைய கம்பெனித் தோழி ஒருத்தி போன் செய்தாள். வல்லம் வடகாலுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி இருக்கும் தைலமரத் தோப்பில் மரத்துக்கு மரம் மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டுவிட்டார்களாம், சர்வே கல்லும் நட்டாகிவிட்டதாம், இன்னும் கொஞ்ச நாளில் ஜேசிபி இறங்கிவிடும் என்றாள். அவள் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தோப்புக்குள் ஒரு பெட்டி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று ஒரு வருஷமாக நான் தேடப் போகாமல் தள்ளிப்போட்ட பெட்டி. அப்படித்தான் மாசி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மறைமலை நகரிலிருந்து ஒரு பக்கம் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத இந்தப் பயணம் நடந்தது.

அருவிக்கும் மலைக்கும் வழி கேட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏமாற வேண்டாம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை. கம்பெனிச் சுவர், லாரி, ஏரி, தைலமரம். ஆனால் தேட ஒன்று இருக்கிறது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டில் ஒளித்து வைப்பார். உள்ளே ஒரு நோட்டும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். வழியை நேராகச் சொல்லாமல் குறிப்புகளாக எழுதித் தருவார். கண்டுபிடிக்கிறவர் பெட்டியின் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, தன் சொந்த முத்திரையைப் பெட்டி நோட்டில் குத்திவிட்டு, மறுபடி அங்கேயே ஒளித்துவிட்டு வர வேண்டும். பரிசு, கோப்பை ஒன்றும் கிடையாது. ஏதோ குளிர் நாட்டில் இப்படி விளையாடுகிறார்கள் என்று செல்வராணி ஒரு வீடியோவில் பார்த்தாள். பார்த்ததோடு விடாமல் வல்லத்தில் செய்தும் காட்டினாள்.

செல்வராணி என் ரூம்மேட். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. நான் செஞ்சிப் பக்கம். இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே இன்ஸ்பெக்ஷன் மேசையில் வேலை பார்த்தோம், ஆனால் வேறு வேறு ஷிப்டு. எங்கள் பிரிவில் ஷிப்டு மாறாது. அவளுக்குக் காலை ஆறரையிலிருந்து இரண்டரை, எனக்கு இரவு பத்தரையிலிருந்து காலை ஆறரை. வாடகை அறையில் ஒரே ஒரு கட்டில். இரவு அவள் படுப்பாள், பகல் நான் படுப்பேன். இந்தப் பக்கத்தில் பல அறைகளில் அப்படித்தான், யாருக்கும் அது புதுமை இல்லை. சாயங்காலம் சமையலிலும் துணி துவைப்பதிலும் ஓடிவிடும், காலை ஆறரைக்கு மேசையை ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் நாங்கள் நிதானமாக முகம் பார்த்துக்கொள்வது.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் முத்திரை உண்டு. சரிபார்த்த பெட்டியின் லேபிளில் அதைக் குத்த வேண்டும். என்னுடையது 41, அவளுடையது 38. வேலையை விட்டுப் போகும்போது ஸ்டோரில் முத்திரையை ஒப்படைத்தால், நம் கண் முன்னாலேயே ரப்பரைக் கட்டரால் இரண்டாக வெட்டி, கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வேறு யாரும் தவறாக உபயோகிக்கக் கூடாது என்பதற்காக. நியாயமான விதிதான். ஆனால் கூட வேலை செய்த ஒரு பெண்ணின் முத்திரை அப்படி வெட்டுப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்த அன்று, செல்வராணி கடையில் பெரிய அழிப்பான் ஒன்று வாங்கி, பிளேடால் தனக்கென்று ஒரு பனைமரம் செதுக்கினாள். "இத எவனும் வெட்ட முடியாதுல்லா" என்றாள். பெட்டி விளையாட்டு தொடங்கியது அங்கேதான். அது போன வருஷத்து மாசி மாதம்.

பக்கத்து அறைப் பெண்களெல்லாம் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார்கள். எனக்கான குறிப்புக் காகிதத்தை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். நான் போகவில்லை. எனக்கு ஞாயிறு என்றால் தூக்கம்.

இனி எழுதுவது எனக்குப் பெருமை இல்லாத விஷயம். வைகாசியில் அவளுடைய அப்பாவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன். ஆடிட் நேரம் என்பதால் லீவு கிடையாது, மேசைக்கு மாற்று ஆள் கிடைத்தால் மட்டும் போகலாம் என்றார் சூப்பர்வைசர். மாற்று ஆள் என்றால் நான்தான். என் நைட் ஷிப்டு முடிந்ததும் அவளுடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இரண்டே இரண்டு நாள். காலை மேசையில் நின்று கேட்டாள். தூக்கம் இல்லாமல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் முடிந்திருக்கும். சொல்லாமல் லீவு போட்டு ஊருக்குப் போனாள். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆனியில் அவளுடைய கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. 38-ஐ வெட்டினார்கள். ஒரு நாள் மாலை ஐந்தரைக்கு நான் எழுந்து பார்த்தபோது அவளுடைய பை இல்லை, துணிக்கொடி காலி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தாள். என் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்தபடியே எட்டு மாதம் போய்விட்டது. அவளுடைய நம்பர் போனில் இருந்தது, கூப்பிடத்தான் வாய் வரவில்லை. நடுவில் நானும் அந்தக் கம்பெனியை விட்டு, 41-ஐ வெட்டக் கொடுத்துவிட்டு, மறைமலை நகரில் பகல் ஷிப்டு வேலைக்கு மாறிவிட்டேன். அலமாரிக் காகிதம் மட்டும் என்னோடு வந்தது.

அவள் என்னை விளையாடக் கூப்பிட்ட ஒரே இடத்தையும் ஜேசிபி தோண்டிப் போட்டுவிட்டால், அப்புறம் அவளைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. இதுதான் பயணத்தின் காரணம்.

காலை 6.40-க்கு மறைமலை நகரில் கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோயில் வரை ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்து 7.05-க்கு வந்தது. சாதாரணப் பேருந்தாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு என்பதால் உட்கார இடம் இருந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில் 7.40-க்கு இறங்கி, டீ குடித்துவிட்டு ஆட்டோ பேசினேன். ஏரிக்கரைக்கு ஷேர் ஆட்டோ போகாது. கூட்டுரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து 400 ரூபாய் என்று டேவிட் அண்ணனோடு முடிவாயிற்று.

டேவிட் அண்ணனுக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், வல்லத்துக்காரர். பத்து மணிக்குக் கோயில் ஆராதனை, அதற்குள் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. எதற்குப் போகிறேன் என்று கேட்டார். தோப்பில் ஒரு டப்பாவைத் தேட என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும், புதையலா என்று கேட்டார். நோட்டும் ரப்பரும் என்றேன். வண்டியை ஏரிக்கரைப் பக்கம் திருப்பினார்.

எட்டு மணிக்குக் கரை அடிவாரத்தில் இறங்கினேன். காகிதத்தில் செல்வராணியின் கையெழுத்து, பேசுகிற மாதிரியே எழுதுவாள். முதல் குறிப்பு: "கரையில ஏறி கரண்ட்டுக் கம்பத்த எண்ணு. பதினொண்ணு வந்ததும் நில்லு." எண்ணினேன். பதினொன்றாவது கம்பத்தடியில் கரை கொஞ்சம் சரிந்திருக்கிறது. இடது பக்கம் ஏரி, தண்ணீர் பாதிக்கு வற்றியிருந்தது, நாரைகள் நின்றன. வலது பக்கம் கீழே தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் கம்பெனிக் கூரைகளின் நீலத் தகடு.

இரண்டாவது: "தைலமரம் வரிசையா நட்டிருப்பாவ. அஞ்சாவது வரிசைல உள்ள போ, ஒத்தப் பன தெரியுற வரைக்கும்." இங்கே ஒரு எச்சரிக்கை. தோப்பின் ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். என் செருப்பில் முள் ஏறி, ஒரு காலில் நின்று பிடுங்க வேண்டியதாயிற்று. ஷூ போட்டு வாருங்கள். உள்ளே போய்விட்டால் தரை சுத்தம், காய்ந்த இலை மட்டும்தான். தைல வாசனையும் எங்கிருந்தோ ஜெனரேட்டர் சத்தமும் சேர்ந்தே வரும். மரங்களில் மஞ்சள் நம்பர்களைப் பார்த்தேன். 212, 213, 214. லேபிளில் நம்பர் குத்திய பெட்டிகளைப் போலத்தான் நின்றன. தாண்டித் தாண்டி நடந்தேன்.

பனை 8.25-க்குத் தெரிந்தது. தோப்புக்கு நடுவில் ஒரு வெட்டவெளி, அதில் தனியாக நிற்கிறது. மூன்றாவது குறிப்பு: "பன நிழல்லயே நட. நாப்பது எட்டு. தல நிழல் முடியுற எடத்துல ஒரு பாறக் கல்லு." நிழல் நீளமாக விழுந்திருந்தது. நடந்தேன். என் எட்டுக்கு முப்பத்தொன்பது, அவளுக்குக் கால் கொஞ்சம் குட்டை, கணக்குச் சரி. மட்டையின் நிழல் முடிகிற இடத்தில் பாறைக் கல் இல்லை. புதிதாகத் தோண்டிய குழி இருந்தது. குழிக்கு நடுவில் மஞ்சள் தடவிய சர்வே கல்.

குழியைச் சுற்றி மண்ணைக் குச்சியால் கிளறினேன், புதரை விலக்கினேன், பத்தடி வட்டத்தில் ஒவ்வொரு இலைக் குவியலையும் தள்ளிப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். தேடத் தேடக் கோபம் ஏறியது, சர்வேக்காரர்கள் மேல் அல்ல, என் மேல். ஐம்பத்திரண்டு ஞாயிறு கையில் இருந்தபோது கட்டிலில் புரண்டுவிட்டு, கல் நட்டபிறகு வந்து மண்ணைக் கிளறுகிற ஆளை என்ன சொல்வது? அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

9.20 ஆகிவிட்டது. திரும்பிக் கரையேறி வந்தேன். டேவிட் அண்ணன் ஆட்டோ சீட்டைக் கையால் தொட்டுப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார். பெட்டி கிடைக்கவில்லை என்று என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். வேறு பேச்சாக எடுத்து, "நிழல்ல பாத்துதான் வண்டிய உட்டேன்மா. ஒரு மணி நேரத்துக்குள்ள நிழலு நவுந்துகினு போயி, சீட்டு தோச சட்டியாட்டம் கீது" என்றார்.

நான் வந்தது காலையில். செல்வராணி இங்கே வந்தது எப்போது? அவளுடைய ஷிப்டு முடிவதே இரண்டரைக்கு. கம்பெனி பஸ் இறக்கிவிட மூன்றேகால். அவளுடைய பனைக்கு நிழல் சாயங்காலத்தில் விழுந்தது, எனக்கு எதிர்ப் பக்கமாக. நான் பாதையை விட்டு விலகவே இல்லை, ஒழுங்காகத் தப்பான திசையில் நடந்திருக்கிறேன். வருஷக்கணக்காகக் காலையில் மட்டுமே வெளி உலகத்தைப் பார்த்த எனக்கு, நிழல் என்றால் காலை நிழல்தான்.

திரும்பவும் உள்ளே ஓடி எதிர்ப் பக்கம் நாற்பது எட்டு எண்ணலாம்தான். ஆனால் திசை தோராயமாகத்தான் தெரியும், அண்ணனுக்கோ ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. மாலை மூன்றேமுக்காலுக்கு மறுபடி இங்கே வர முடியுமா என்று கேட்டேன். இன்னொரு 300 ரூபாய். "இன்னாமா அப்டி கீது அந்த டப்பால?" என்று அப்போதுதான் கேட்டார். தெரியாது என்றேன்.

பத்து மணிக்குக் கூட்டுரோட்டில் இறங்கி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். சாப்பாடு 90 ரூபாய், பக்கத்தில் இரண்டு மெஸ்கள் உண்டு, சாம்பார் இரண்டிலும் ஒன்றுதான். பஸ் நிழற்குடையில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அங்கே உட்கார்ந்தபோதுதான் அந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. விடியுமுன் நாலரைக்கே எழுந்து எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்த ஒரு பெண், மூன்றேகாலுக்கு அறைக்கு வராமல் எதற்காக ஏரிக்கரையில் கம்பம் எண்ணிக்கொண்டிருந்தாள்? எதற்காகத் தைலமர வரிசைகளை எண்ணினாள்? அறையில் ஒரே கட்டில். அதில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தால் வெளிச்சம் நேரே என் முகத்தில் விழும், குழாயைத் திறந்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் எரிந்து விழுவேன். அவள் ஐந்து மணிக்கு முன் அறைக்குள் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. ஊர் சுற்றுகிறாள் என்று பக்கத்து அறையில் நான் சொல்லிச் சிரித்ததுண்டு.

ஒரே அறையில் பதினான்கு மாதம் எனக்குத் தூக்கம் கொடுத்தவளிடம்தான் இரண்டு நாள் தூக்கத்தை என்னால் விட முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

டேவிட் அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றவில்லை. வீட்டில் விஷயத்தைச் சொன்னாராம், அவர் மனைவி தனியாக விடாதே, கூடப் போய்த் தேடிக்கொடு என்று சொல்லி அனுப்பினாராம். இந்த முறை அவரும் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். மணி 4.10. நிழல் கம்பெனிச் சுவரைப் பார்த்து விழுந்திருந்தது. நல்லவேளை, குறிப்பு எழுதியதும் மாசியில், நான் போனதும் மாசியில். வேறு மாதமாக இருந்தால் நிழல் இன்னும் பல அடி தள்ளிப் போயிருக்கும். முப்பத்தொன்பது எட்டு. பாறைக் கல், முழங்கால் உயரம். கடைசிக் குறிப்பு: "கல்லுக்குப் பொறத்தால. கைய விடுமுன்ன குச்சியால தட்டு. பாம்பு கெடக்கும்." தட்டினேன். ஒரு ஓணான் ஓடியது. தட்டியதில் தகரச் சத்தம் கேட்டது.

சில்வர் டிபன் டப்பா. கம்பெனியில் பார்ட்ஸ் வரும் பிளாஸ்டிக் கவர் இரண்டில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பேண்டு தொட்டதும் அறுந்தது. உள்ளே நாற்பது பக்க நோட்டு, காய்ந்துபோன மை டப்பா, பனைமர முத்திரை. நோட்டில் பக்கத்துக்கு ஒருத்தியாக எட்டு முத்திரைகள். மீன், ஆட்டோ, மல்லிகை மொட்டு, ஒருத்தி தன் பெயரின் முதல் எழுத்தைத் திருப்பி வெட்ட மறந்து கண்ணாடியில் பார்ப்பது போல் குத்தியிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் தேதி, மணி. எல்லாம் நான்கு, நாலரை.

ஒன்பதாவது பக்கத்தில் "ரேவதி" என்று என் பெயரை மேலே எழுதி, கோடு போட்டு, கீழே காலியாக விட்டிருந்தது. டப்பாவின் அடியில் இன்னொரு அழிப்பான் துண்டு. திருப்பிப் பார்த்தேன். 41. கம்பெனி முத்திரையில் இருந்த அதே சாய்ந்த நாலு, அதே வட்டம்.

அதற்கும் அடுத்த பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். அவள் ஊருக்குப் போன நாளின் தேதி. "மணி 4.10. பை கையில இருக்கு. எட்டு மணிக்கு கிளாம்பாக்கத்துல பஸ். ரேவதி தூங்கிட்டிருக்கா. ரெண்டு தடவ கூப்பிடப் போனேன். நைட்டு எந்திச்சு ஷிப்டுக்குப் போணும்லா, எழுப்பல."

கோபம் இல்லை என்று அதில் எங்கும் இல்லை. மன்னித்துவிட்டேன் என்றும் இல்லை. எழுப்பவில்லை என்றுதான் இருக்கிறது. டேவிட் அண்ணன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அவர், "சொல்லிகினு போறதுக்குதான் வந்துகீறாங்க" என்றார். மை காய்ந்திருந்ததால் தண்ணீர் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டு, என் பக்கத்தில் 41-ஐக் குத்தினேன். வெளிறித்தான் விழுந்தது. கீழே தேதியும் 4.25 என்றும் எழுதினேன்.

டப்பாவை அங்கே விட்டுவர முடியாது. எடுத்து வந்து வேறு இடத்தில் ஒளித்துவிட்டேன், தோப்புக்குள் இல்லை. தேட விரும்புகிறவர்களுக்கு இதுதான் குறிப்பு: கரையின் பதினொன்றாவது கம்பத்திலிருந்து திரும்பாமல் நேரே போங்கள். பழைய மதகு வரும். மாசி மாதம், மாலை நாலேமுக்காலுக்கு மதகுச் சுவரின் நிழல் தொடுகிற மூன்றாவது கருங்கல்லின் அடியில். மாதத்தையும் மணியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். நீங்களும் பெட்டி ஒளித்தால் அப்படியே எழுதுங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிழல் விழுவதில்லை. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது போங்கள். தண்ணீர், கம்பு, ஷூ, புது மை டப்பா கட்டாயம். முத்திரைக்குக் கடையில் கிடைக்கும் பெரிய அழிப்பானே போதும், எழுத்து என்றால் திருப்பிச் செதுக்க வேண்டும். இரண்டு தடவை ஆட்டோவுக்கு 700, சாப்பாடு டீ சேர்த்து எனக்கு மொத்தம் 850 ரூபாய்க்குள் முடிந்தது. ஒழுங்கான நேரத்துக்குப் போனால் உங்களுக்குப் பாதிதான் ஆகும்.

திரும்புவது பற்றி. ஒரகடம் கூட்டுரோட்டில் 5.15-க்கு எனக்கு பஸ் கிடைத்தது. ஏறி உட்கார்ந்து, 41 விழுந்த பக்கத்தின் படத்தைச் செல்வராணிக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதாமல். பஸ் கிளம்புவதற்குள் பதில் வந்துவிட்டது. "ஏட்டி, இந்நேரம் தூங்காம காட்டுல என்ன செய்யுத?"

எனக்கு இப்போது பகல் ஷிப்டு என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பஸ் சத்தத்தில் பேச முடியாது என்று இறங்கி, நிழற்குடைக்கு வந்து அவளைக் கூப்பிட்டேன். அடுத்த பஸ் 5.50-க்கு, அதைத் தவறவிட்டால் 6.40-க்கு ஒன்று இருக்கிறது. பேசி முடிப்பதற்குள் இரண்டும் போய்விட்டன. 7.30 பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.